தங்கப் பதக்கத்துக்குப் பிறகு: தோட்டத்துப் பிள்ளைகளும் அறிவியல் முனைவர் பட்டமும்

மலேசியத் தமிழ் நாளிதழ்களில் இரண்டு வகைச் செய்திகள் ஆண்டு தவறாமல் வருகின்றன. ஒன்று, தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அனைத்துலகப் புத்தாக்கப் போட்டியில் தங்கம் வென்று நாடு திரும்பிய செய்தி. மற்றொன்று, ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த மதிப்பெண் எடுத்தும் மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்பில் இடம் கிடைக்காமல் பெற்றோர் அலையும் செய்தி. ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ரெங்கம் போன்ற ஒரு தோட்டப்பட்டணத்தில் இருந்துகொண்டு இவ்விரண்டையும் வாசிப்பவருக்கு நியாயமான கேள்வி ஒன்று எழும். பதினொரு வயதில் அறிவியலில் பதக்கம் வாங்கிய பிள்ளைகள் முப்பது வயதில் ஆய்வுக்கூடங்களில் ஏன் இவ்வளவு அரிதாகத் தென்படுகிறார்கள்?

‘கோட்டா’, அதாவது இனவாரியான இட ஒதுக்கீடு, என்ற ஒரு சொல்லில் விடையை முடித்துவிடுவது நம்மிடையே வழக்கம். அந்த விடையில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். முனைவர் பட்டத்தின் வாசலில் கோட்டாவுக்கு உள்ள வேலை குறைவு. பிள்ளைகள் அந்த வாசலுக்கு வந்து சேராததே பெரிய காரணம். வந்து சேர்பவர்களும் வயிற்றுப்பாட்டுக் கணக்கால் திரும்பிவிடுகிறார்கள். இதை விளங்கிக்கொள்ள, முனைவர் பட்டம் எப்படிப்பட்ட படிப்பு என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முனைவர் பட்டம் எப்படிப்பட்ட படிப்பு?

‘டாக்டர்’ என்ற ஒரே சொல் மருத்துவரையும் முனைவரையும் குறிப்பதால் குழப்பம் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. கோயில் மேடையில் டாக்டர் என்று அழைக்கப்பட்ட வேதியியலாளரிடம் முழங்கால் வலியைச் சொல்லும் பாட்டிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மருத்துவப் படிப்பில் மாணவர் ஏற்கெனவே அறியப்பட்டதைக் கற்று, தேர்வெழுதி, தொழில் செய்யும் உரிமை பெறுகிறார். முனைவர் படிப்பில் அவர் அதுவரை யாரும் விடை காணாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கான விடையைத் தாமே தேடி, ஆய்வேடாக எழுதி, வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் முன் அதைக் காத்து நிற்க வேண்டும்.

மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களில் அறிவியல், பொறியியல் முனைவர் படிப்புகள் பெரும்பாலும் ஆய்வு வழிப் படிப்புகளே. முழுநேரமாகப் படித்தால் பொதுவாக மூன்றாண்டு ஆகும். நடைமுறையில் நான்கு, ஐந்து ஆண்டுகள் வரை நீள்வதும் உண்டு. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் பழகியவர்களுக்கு இந்தப் படிப்பின் இயல்பு எளிதில் விளங்கும். கத்தி மரக்கட்டையைத் தொட்டால் மரம் கெடும். மேலோட்டமாகப் போனால் பால் இறங்காது. அந்த அளவு எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. அனுபவசாலியின் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே அது கைக்கு வரும். முனைவர் பட்டமும் ஒரு மேற்பார்வையாளரின் பக்கத்தில் நின்று பழகும் தொழிற்பயிற்சிதான்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது, இளங்கலை இடங்களைப் போல முனைவர் பட்ட இடங்கள் யு.பி.யு. என்ற பொதுச் சேர்க்கை முறை வழியாகப் பகிர்ந்தளிக்கப்படுவதில்லை. மாணவர் தாமே ஒரு மேற்பார்வையாளரைத் தேடி, கடிதம் எழுதி, ஆய்வு முன்மொழிவைக் காட்டி, அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டும். இரண்டாவது, பணமும் பெரும்பாலும் அந்த மேற்பார்வையாளர் வழியாகத்தான் வருகிறது. எஃப்.ஆர்.ஜி.எஸ். எனப்படும் அடிப்படை ஆராய்ச்சி மானியம் போன்ற ஒன்றைப் போட்டியிட்டு வென்ற விரிவுரையாளர், அதிலிருந்து மாணவரை ஆய்வு உதவியாளராக அமர்த்தி மாதந்தோறும் உதவித்தொகை தருவார். யாரிடம் மானியம் இருக்கிறது, யார் மாணவர் தேடுகிறார் என்ற செய்தி பெரும்பாலும் துறையின் நடைபாதையில், தெரிந்தவர் வாய்வழி பரவுகிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த நடைபாதையில் தெரிந்தவர் யாரும் இல்லை. இந்தக் கட்டுரையில் வரும் மற்ற காரணங்கள் பலவும் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வந்து சேர்கின்றன.

‘சிறுபான்மை’ என்ற சொல்லில் உள்ள சிக்கல்

2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. எண்ணிக்கையில் சிறுபான்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் எண்ணிக்கையில் சிறியவர்களாக இருப்பது வேறு, ஒரு துறையில் தங்கள் விகிதத்தைவிடக் குறைவாக இடம்பெற்றிருப்பது வேறு. இந்த வேறுபாட்டை அமெரிக்கர்கள் தெளிவாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே அறிவியலில் குறைவாக இடம்பெற்றோர் என்ற கணக்கில் கறுப்பினத்தவரும், லத்தீன் அமெரிக்க வழியினரும், பூர்வகுடியினரும் சேர்க்கப்படுவார்கள். இந்திய வம்சாவளியினர் உள்ளிட்ட ஆசியர்கள் அதில் சேரமாட்டார்கள்.

அதே அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் ‘மலேசிய இந்தியர்’ என்ற ஒற்றைத் தொகுப்பு உதவாமல் போகிறது. மருத்துவத்திலும் சட்டத்திலும் நகர்ப்புற இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருந்து வருகின்றன. மேல்தட்டில் உள்ள சில நூறு பேரைக் காட்டி ‘இந்தியர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்’ என்று சொல்லவும் முடியும். அடித்தட்டைக் காட்டி ‘யாருமே முன்னேறவில்லை’ என்று புலம்பவும் முடியும். கேள்வியை ‘தோட்டத்தில் பிறந்து, குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளை’ என்று குறுக்கிக் கேட்டால்தான் உண்மையான இடைவெளி தெரியும்.

ஆராய்ச்சி தோட்டத்துக்குப் புதிதா?

ஆய்வு என்பது நமக்கு எட்டாத நகரத்துச் சமாச்சாரம் என்ற எண்ணம் தோட்டங்களில் உண்டு. வரலாறு வேறு விதமாக இருக்கிறது. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் அமைக்கப்பட்டது. நம் பெற்றோர் வெட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரவகையின் பெயரிலேயே அந்தக் கழகத்தின் ஆங்கில முதலெழுத்துகள் இருக்கின்றன.

செம்பனையின் கதை இன்னும் நெருக்கமானது. 1980 வரை மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் மகரந்தச் சேர்க்கை மனிதக் கையால் நடந்தது. மகரந்தத்தை டால்கம் பவுடரோடு கலந்து பெண்பூங்குலைகளில் ஊதிவிடுவது அன்றாட வேலை. பெண் தொழிலாளர்கள் பலர் அதில் இருந்தார்கள். செம்பனையில் காற்றே மகரந்தத்தைச் சேர்க்கிறது என்றுதான் அதுவரை நம்பப்பட்டது. ஆர்.ஏ. சையத் என்ற பூச்சியியல் ஆய்வாளர் இந்த நம்பிக்கையைச் சந்தேகித்து, மரத்தின் தாயகமான ஆப்பிரிக்காவில், கேமரூன் நாட்டில், பூக்களை மொய்க்கும் பூச்சிகளை ஆராய்ந்தார். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு கூன்வண்டுதான் முக்கியமான மகரந்தச் சேர்க்கையாளர் என்று கண்டார். அந்த வண்டு 1981இல் ஜொகூரின் குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் விடப்பட்டது. விரைவிலேயே அது தீபகற்பம் எங்கும் பரவ, கையால் ஊதும் வேலை தேவையற்றதாயிற்று.

அதாவது, ஒருவர் கேட்ட ஓர் ஆய்வுக் கேள்வியால் நம் வட்டாரத்துப் பெண்களின் ஒரு வேலையே மறைந்துபோனது. தோட்ட நிறுவனங்களின் விளைச்சல் உயர்ந்தது. ஆய்வின் விளைவை நாம் முழுதாக அனுபவித்திருக்கிறோம். கேள்வி கேட்கும் பக்கத்தில்தான் நம்மவர் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் ஆய்வுக்கு வர வேண்டும் என்பதற்கு நியாயம், பெருமை என்பவற்றைத் தாண்டிய காரணம் இங்கே இருக்கிறது. பூச்சி, மண், இயந்திரம், உடல்நோவு ஆகியவை பற்றி எந்தக் கேள்வி முக்கியம் என்பது, அவற்றோடு வாழ்ந்தவருக்கு வேறு விதமாகத் தெரியும்.

பாதை பிரியும் இடங்கள்

அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த இழப்பைக் கசியும் குழாய்க்கு ஒப்பிடுவார்கள். எனக்கு அந்த உவமை முழுதாக ஒப்பவில்லை. வழியில் பிரிந்து தொழில்நுட்பராகவோ ஆசிரியராகவோ ஆனவர் வீணாகிவிட்டவர் அல்லர். ரயில் தண்டவாளம் கிளை பிரிவதைப் போல எண்ணிக்கொள்வது பொருந்தும். முக்கியமான பிரிவுகள் ஐந்து.

1. மொழி மாற்றம். ஆறு ஆண்டு தமிழில் படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக்கு மாறுகிறது. மலாயில் போதிய தேர்ச்சி பெறாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டைச் செலவிட்டார்கள். அறிவியலும் கணிதமும் 2003இல் ஆங்கிலத்துக்கு மாறின. அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக 2009இல் அறிவித்தார்கள். 2016இல் இருமொழித் திட்டம் என்ற வேறொரு வடிவில் ஆங்கிலம் திரும்பியது. எந்த மொழி சிறந்தது என்ற விவாதம் ஒருபுறம் இருக்க, வீட்டில் உதவ ஆளில்லாத பிள்ளையே ஒவ்வொரு மாற்றத்தின் செலவையும் அதிகமாகச் சுமந்தது.

2. நான்காம் படிவத்தில் பாடத்தேர்வு. அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்ற பழைய பிரிவினை 2020இல் நீங்கி, பாடத்தொகுப்பு முறை வந்தது. சுதந்திரம் கூடியது போலத் தோன்றும். ஆனால் இயற்பியலும் கூடுதல் கணிதமும் எடுக்காதவருக்குப் பொறியியல் பட்டப்படிப்பின் கதவு ஏறக்குறைய மூடிவிடும் என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு யார் சொல்வது? சிறிய ஊர்ப் பள்ளியில் போதிய மாணவர் இல்லை என்றால் அந்தத் தொகுப்பே நடத்தப்படாமலும் போகலாம். மாணவர்களில் 60 விழுக்காட்டினர் அறிவியலிலும் 40 விழுக்காட்டினர் கலையிலும் இருக்க வேண்டும் என்ற தேசிய இலக்கு 1970 முதல் நடைமுறையில் உள்ளது, இன்றுவரை எட்டப்படவில்லை.

3. எஸ்.பி.எம்.முக்குப் பிந்திய ஓராண்டு. கோட்டா நேரடியாக வேலை செய்யும் இடம் இதுதான். மெட்ரிகுலேஷன் ஓராண்டுப் படிப்பு. அதன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கும் (மலாய்க்காரர்களும் பிற பூர்வகுடியினரும்) 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் என்பது விதி. 2019இல் மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தப்பட்டபோதும் விகிதம் மாறவில்லை. 2024இல், 10 ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற எல்லா இன மாணவர்களுக்கும் இடம் உறுதி என்று அரசு அறிவித்தது. உச்சத்தில் உள்ளவர்களுக்கு இது உண்மையான மாற்றம். ஆனால் ஆறேழு ஏ எடுத்து, நல்ல ஆய்வாளராக வரக்கூடிய தோட்டத்துப் பிள்ளைக்கு ஆறாம் படிவமே இன்னும் முதன்மையான வழி. அதன் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு கடினமானது என்பது ஊரறிந்தது. அதை எல்லாரும் எழுதலாம், செலவும் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

4. பட்டம் பெற்ற மறுநாள். இதைப் பற்றிக் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. என் கணிப்பில் மிகப் பெரிய இழப்பு இங்கேதான். முதல் வகுப்பில் தேறிய பொறியியல் பட்டதாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பி.டி.பி.டி.என். எனப்படும் அரசின் உயர்கல்விக் கடன் முதல் வகுப்பில் தேறியவர்களுக்குத் தள்ளுபடி ஆகலாம். இரண்டாம் வகுப்பில் தேறியவர் கட்டியாக வேண்டும். தம்பி படித்துக்கொண்டிருப்பான், வீட்டுக் கடன் இருக்கும். ஜொகூரில் இருப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு: பாலத்தைத் தாண்டினால் சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில், ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். ஆய்வு உதவியாளரின் மாதத்தொகை இதனோடு போட்டியிட முடியாது. இந்த நிலையில் பிள்ளை வேலைக்குப் போவதை ஆர்வக் குறைவு என்று சொல்வது அநியாயம். அந்தக் குடும்பம் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது.

5. படிப்பின் நடுவில் நின்றுபோவது. பதிவு செய்தவர் எல்லாரும் முடிப்பதில்லை. மானியம் இரண்டு, மூன்று ஆண்டுகளில் தீர்ந்துவிடும், ஆய்வேடு தீராது.

அரசு உதவி இல்லாமலும் இல்லை. 2011இல் தொடங்கிய பத்தாவது மலேசியத் திட்டக் காலத்தில் வந்த மைபிரெய்ன்15 திட்டம், 2023க்குள் 60,000 முனைவர்களை உருவாக்குவது என்ற இலக்கோடு இனவேறுபாடின்றிக் கல்விக்கட்டணத்தை ஏற்றது. சில ஆண்டுகளிலேயே புதிய சேர்க்கை நின்றது. மறுபுறம், விரிவுரையாளர்களை மேற்படிப்புக்கு அனுப்பும் திட்டங்களில் ஒன்று பூமிபுத்ராக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நீண்ட படிப்புக்குத் திட்டமிடும் குடும்பத்துக்கு, வந்து வந்து நிற்கும் உதவியை நம்பிக் காலெடுத்து வைப்பது கடினம்.

அமெரிக்காவில் எது பலித்தது?

இந்தக் கேள்வியில் அரை நூற்றாண்டு அனுபவம் அமெரிக்காவில் சேர்ந்திருக்கிறது. அங்கே செய்யப்பட்டவை பல. இங்கே பயன்படக்கூடியவை என்று நான் கருதும் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1970களில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆய்வாளர், கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் ஏன் தோற்கிறார்கள் என்று தேடினார். ஊக்கமின்மை, வறுமை, பெற்றோரின் அக்கறையின்மை என்று பேராசிரியர்கள் சொன்ன காரணங்கள் எவையும் நிற்கவில்லை. 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வழி மாணவர்களையும் அவர்கள் இருப்பிடத்துக்கே சென்று கவனித்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. சீன மாணவர்கள் கூட்டாக அமர்ந்து, ஒருவர் கணக்கை மற்றவர் திருத்தி, சாப்பிட்டபடியே விவாதித்தார்கள். கறுப்பின மாணவர்கள் அதே அளவு உழைத்தார்கள், தனியாக. ட்ரைஸ்மன் அமைத்த பயிற்சிக்கூடத்தில் பின்தங்கியோருக்கான எளிய பாடம் வைக்கப்படவில்லை. வகுப்பில் தந்ததைவிடக் கடினமான கணக்குகளைக் கூட்டாகப் போட வைத்தார். மதிப்பெண்கள் ஏறின.

1988இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாகத்தில் மெயர்ஹாஃப் திட்டம் பிறந்தது. அதை வழிநடத்தியவர் ஃப்ரீமன் ஹ்ரபௌஸ்கி. முதலாண்டு தொடங்குமுன் கோடைப் பயிற்சி, ஒரே இடத்தில் தங்கல், கூட்டுப் படிப்பு, இளங்கலையிலேயே ஆய்வுக்கூட வேலை என்பவை அதன் உறுப்புகள். உன் இலக்கு முனைவர் பட்டம் என்று முதல் நாளே சொல்லிவிடுவதும் அவற்றில் ஒன்று. இத்திட்டத்தில் சேர்ந்தவர்களை, இடம் கிடைத்தும் சேராமல் வேறிடம் போனவர்களோடு ஒப்பிட்டபோது, சேர்ந்தவர்கள் அறிவியல் முனைவர் படிப்புக்குச் செல்லும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. இரு தரப்பும் ஒரே தேர்வில் தேறியவர்கள் என்பதால், திறமை வேறுபாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. மாடர்னாவின் கோவிட் தடுப்பூசிக்கு அடிப்படையான ஆய்வில் முக்கியப் பங்காற்றிய கிஸ்மீகியா கார்பெட் இத்திட்டத்தில் படித்தவர்.

மூன்றாவது, 2004இல் டென்னசி மாநிலத்தில் தொடங்கிய ஃபிஸ்க்–வாண்டர்பில்ட் பாலத் திட்டம். மாணவர் முதலில், கறுப்பினத்தவருக்கென்று முற்காலத்தில் அமைந்த பல்கலைக்கழகங்களில் ஒன்றான ஃபிஸ்கில் முதுகலை படிக்கிறார். அந்தக் காலத்திலேயே வாண்டர்பில்ட் ஆய்வுக்கூடங்களிலும் வேலை செய்கிறார். பிறகு அங்கேயே முனைவர் படிப்புக்குச் செல்கிறார். நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணைவிட, அவரோடு இரண்டாண்டு வேலை செய்தவரின் சொல்லுக்கு மதிப்பு. நான் மேலே சொன்ன ‘நடைபாதையில் தெரிந்தவர்’ என்பதை இந்தத் திட்டம் திட்டமிட்டே உண்டாக்கித் தருகிறது.

இவற்றின் சட்ட நிலை உறுதியானதன்று. மெயர்ஹாஃப் திட்டம் 1996 முதல் எல்லா இனத்தவருக்கும் திறந்துவிடப்பட்டது. 2023 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையை நிராகரித்தது. 2025இல் இத்தகைய நோக்கமுள்ள ஆராய்ச்சி மானியங்கள் பல இடையிலேயே நிறுத்தப்பட்டன. ஆனால் கூட்டுப் படிப்பும், ஆய்வுக்கூட அறிமுகமும், பாலமும் இன அடையாளத்தைச் சார்ந்து இயங்குபவை அல்ல. இதை நாம் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ரெங்கத்துக்கு இது எப்படிப் பொருந்தும்?

நம் சமூக அமைப்புகளின் உழைப்பு பெரும்பாலும் தேர்வு வாசலோடு நின்றுவிடுகிறது. 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் பல்லாயிரம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுசேர்த்திருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் விழா நடத்தும் இயக்கமும் இருக்கிறது. பட்டத்துக்குப் பிறகு என்ற பகுதி மட்டும் ஏறக்குறைய வெறுமையாகக் கிடக்கிறது. அதை நிரப்பப் பெரும் பணம் தேவையில்லை.

குளுவாங் நகரிலிருந்து பாரிட் ராஜாவில் உள்ள துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்துக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆறாம் படிவ மாணவர் பத்துப் பேரை விடுமுறையில் இரண்டு வாரம் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருத்த ஆகும் செலவு, ஒரு திருவிழா மேடைச் செலவைத் தாண்டாது. அந்த இரண்டு வாரத்தில் அவர்கள் அறிவியலை ஒன்றும் பெரிதாகக் கற்றுவிட மாட்டார்கள். ஆனால் முனைவர் பட்ட மாணவர் என்பவர் மதியம் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டு, பழுதான கருவியோடு மல்லுக்கட்டும் சாதாரண இளைஞர் என்பதைப் பார்த்துவிடுவார்கள்.

பண உதவியும் சரியான இடத்தில் விழ வேண்டும். முழுப் படிப்புக்குமான உபகாரச் சம்பளம் அரசும் பல்கலைக்கழகமும் தர வேண்டியது. ஊர்ச் சங்கத்தாலோ கோயில் நிர்வாகத்தாலோ முடியக்கூடியது, விண்ணப்பித்த நாளுக்கும் மானியப் பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடைப்பட்ட மூன்று, நான்கு மாதங்களைத் தாங்குவது. மானியம் தீர்ந்த பிறகு ஆய்வேடு எழுதும் கடைசி ஆறு மாதங்களைத் தாங்குவது. மேலே சொன்ன ஐந்து பிரிவுகளில் நான்காவதும் ஐந்தாவதும் இந்த இரண்டு இடைவெளிகளில்தான் இருக்கின்றன.

குடும்பங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய காலக்கணக்கு ஒன்றும் உண்டு. முதல் வகுப்பில் தேறியவர்களைப் பல பல்கலைக்கழகங்கள் முதுகலை இல்லாமலே முனைவர் படிப்பில் சேர்த்துக்கொள்கின்றன. மற்றவர்கள் ஆய்வு வழி முதுகலையில் சேர்ந்து, பிறகு மேலே போகலாம். இரு வழிக்கும் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதப்போகிறவர், பெரும்பாலும் இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்தின் மேற்பார்வையாளர். அந்தத் திட்டத்துக்கான தலைப்பும் மேற்பார்வையாளரும் முடிவாவது அதற்கு முன்பே. மாணவர் பலர் எது சீக்கிரம் முடியும் என்று பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள். மானியமுள்ள, வெளியீடுகள் உள்ள, மாணவரை ஆய்வுக்கூடத்தில் வைத்துக்கொள்ளும் விரிவுரையாளர் யார் என்று அதற்கு முந்திய விடுமுறையில் விசாரிக்கத் தொடங்குவதே சரியான நேரம்.